எந்த ஹிஸ்டரி எடுக்கிற, மாமா?

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு, தரம் பத்துப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டை அவிழ்த்து வைத்திருந்த நேரம் மருமகள் கோல் எடுத்தாள். அக்காவின் மூத்த மகள். இந்த வருடம்தான் கலைப்பீடத்துக்குள் கால் வைத்திருக்கிறாள். சுகம் விசாரிக்கவெல்லாம் அவளுக்கு நேரமில்லை. "மாமா, நாளைக்குப் போம் குடுக்கணும். ஹிஸ்டரியில ரெண்டு பாடம் போட்டிரிக்காங்க, ஒண்டுதான் எடுக்கலாம். எந்த ஹிஸ்டரி எடுக்கிற?" ஒன்று உலக வரலாறு: பதினைந்தாம் நூற்றாண்டில் கப்பல் ஏறி இரண்டாம் உலகப் போரில் இறங்குவது. மற்றது வரலாற்று மூலங்களுக்கு ஒரு அறிமுகம். கல்வெட்டு, ஏடு, காணி உறுதி, வாய்மொழி என்று கேட்கும்போதே கொட்டாவி வரும் தலைப்புகள். பதின்மூன்று வருடமாக வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். நான் "ஒள்ளுப்பம் யோசிச்சுச் சொல்றன்" என்றேன். "நீங்களே யோசிச்சா நாங்க எங்க போற?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு விடைத்தாள் ஒன்றும் ஓடவில்லை.

யோசிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. இதே இரண்டு பாடங்கள், பெயர் மட்டும் கொஞ்சம் வேறாக, 2008இல் என் முன்னாலும் இருந்தன. மூலங்களைப் பற்றிய பாடத்தைத்தான் படித்தேன். அது என்னை மாற்றியது என்று பிள்ளைகளிடமும் சக ஆசிரியர்களிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை நான் தெரிவு செய்யவில்லை. அதுதான் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். தான் தெரிவு செய்யாத ஒன்றைத் தெரிவு செய் என்று இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். சீனியர்மார் எங்களுக்கு வழி காட்டியிருந்தார்கள். உலக வரலாறு எடு, கண்ணை மூடிக்கொண்டு எடு. ஐந்து வருட வினாத்தாள் இருக்கிறது, கையெழுத்து டியூட் குறிப்பு ஒரு கட்டு போட்டோகொப்பிக் கடையிலேயே கிடைக்கும், மறுமலர்ச்சியும் பிரெஞ்சுப் புரட்சியும் மாறி மாறி வரும். மற்றப் பாடமா? எழுதிக் கொடுக்கும் ஒப்படை அதிகம். அதோடு அது வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. வெள்ளிக்கிழமை நாலு மணி என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் ஹொஸ்டலில் இருந்தவர்களுக்கு விளங்கும். சோதனைச் சாவடிகளில் இறங்கி, நடந்து, ஏறி, கல்லடியில் 1924இல் கட்டிய அந்தப் பழைய ஒற்றை வழிப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் எல்லாம் வரும்வரை நின்று என் ஊர் ஆரையம்பதிக்குப் போய்ச் சேர விளக்கு வைத்துவிடும். ஆகவே நானும் உலக வரலாறு என்றே முடிவு செய்திருந்தேன். போம் கொடுக்கிற கிழமை காய்ச்சலில் விழுந்தேன். எழும்பிப் போனபோது கந்தோரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அது நிரம்பிட்டு தம்பி, இதில இடமிரிக்கு" என்றார். சரி என்று போட்டேன். என் அறிவுப் பயணத்தின் தொடக்கம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி

பதினொரு பேர் இருந்தோம். அடுத்த மண்டபத்தில் உலக வரலாற்றுக்கு இருக்கை போதாமல் யன்னல் கட்டில் ஏறி உட்கார்ந்து எழுதினார்கள். எங்கள் மெடம் முதல் நாள் வெண்பலகையில் ஒரே ஒரு வருடத்தை எழுதினார்: 1638. ஏ.எல். (உயர்தரம்) படித்த கை சும்மா இருக்குமா, நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னோம்: ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஆண்டு. போர்த்துக்கேயர் கட்டியது 1628, பத்து வருடம்கூடச் சரியாக வைத்திருக்கவில்லை என்று நான் சேர்த்துச் சொன்னேன். பெருமையாகத்தான். "நல்லது. எப்படித் தெரியும்?" என்றார். புத்தகத்தில் இருக்கிறது. "புத்தகம் எழுதினவருக்கு எப்படித் தெரியும்?" ஒருவருக்கும் சத்தம் இல்லை. ஒல்லாந்தர் எழுதி வைத்தார்கள், அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் கட்டுக்கட்டான ஏடுகள் இன்றும் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, போர்த்துக்கேயரும் எழுதினார்கள், கோட்டை நிற்கும் புளியந்தீவைச் சுற்றி வாவியில் இறால் வடித்துக்கொண்டு இருந்தவர்கள் அன்றைக்கு என்ன கண்டார்கள், அது எங்கே இருக்கிறது? அவர் பதில் சொல்லவில்லை. வரவு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்துப் புள்ளிக் கேள்விக்கு விடையாக வராத ஒன்றை எதற்குக் கேட்கிறார் இந்த மனுஷி?

இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் மட்டக்களப்பு மான்மியம் வந்தது. ஏட்டில் கிடந்ததை எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் அச்சுக்கு வந்த நூல். ஊரில் கோயில் வழக்கு, குடி வழக்கு என்று எது வந்தாலும் பெரியவர்கள் கை நீட்டுகிற புத்தகம் அது. அதை நம்பலாமா என்று ஒருவன் கேட்டான். மெடம் சொன்னது கிட்டத்தட்ட இப்படி: ஒரு அரசனின் காலத்துக்கு நம்புவது வேறு, அந்த ஏட்டைப் படி எடுத்தவர்கள் எதை உரிமை என்று நினைத்தார்கள் என்பதற்கு நம்புவது வேறு, முதலாவதற்கு அது பலவீனமான சாட்சி, இரண்டாவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு நூல் ஒரு கேள்விக்குப் பொய்யும் இன்னொரு கேள்விக்கு உண்மையும் சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஏ.எல்.இல் எங்களுக்கு நூல்கள் இரண்டே வகை: ஆதாரமுள்ளது, கட்டுக்கதை.

இன்னொரு நாள் காலப் பகுப்பு. புராதன காலம், இடைக்காலம், நவீன காலம் என்று யார் எதற்காக வெட்டினார்கள் என்று பேச்சு. உங்கள் வீட்டில் காலத்தை எப்படி வெட்டுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள் என்றார். அம்மம்மாவிடம் கேட்டேன். அவருக்கு நூற்றாண்டு கிடையாது. வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின், அது 1957. சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின். அது 1978 கார்த்திகை, நவம்பர் 23. அப்புறம் தொண்ணூறு, போரும் தமிழர் முஸ்லிம் கொலைகளும் ஊரை உலுக்கிய 1990. தொண்ணூறுக்கு அவர் வேறு பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் யாரும் வைக்கவில்லை. பிறகு சுனாமி. "உங்கட அம்மாட கலியாணம் சூறாவளிக்கு அடுத்த வருஷம், கூரைக்குக் கிடுகு இல்லாத நேரம்" என்பார். 1948 பிப்ரவரி 4 பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்போது பதினாலு வயது. யோசித்துப் பார்த்துவிட்டு, "அண்டைக்கு என்னடா மனே நடந்த?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

வெறும் தாள்

இதெல்லாம் ஏறிப் போகிற வழிதான். நான் சொல்ல வந்தது ஏழாம் கிழமையோ எட்டாம் கிழமையோ நடந்த ஒரு வகுப்பை. ஒப்படை எளிமையானது: உங்கள் வீட்டில் உள்ள ஆகப் பழைய தாளைக் கொண்டு வாருங்கள். கொண்டு வர விடாவிட்டால் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் அது அலுமாரியின் மேல்தட்டில், அரிசிமா டின்னுக்குள், பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது. வளவு உறுதி, வீட்டுக் காணியின் பத்திரம். அம்மம்மா அதைத் தர மூன்று நாள் எடுத்தார். உறுதி வாசலைத் தாண்டினால் வளவும் தாண்டும் என்று ஒரு பயம் அவருக்கு. கடைசியில் குளித்துவிட்டு வந்து எடுக்கச் சொன்னார். நாலாக மடித்த நீலம் பாய்ந்த தாள், மடிப்பில் எல்லாம் துவாரம் விழுந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. 1931. என் பூட்டியின், அதாவது அம்மம்மாவின் அம்மாவின், தாய் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. உறுதி எழுதிய நொத்தாரிசின் கையெழுத்து ஓடும் எழுத்து, புள்ளி வைக்காத எழுத்து; ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கொடுக்கிறவரும் பெண், வாங்குகிறவரும் பெண். இரண்டு பேரும் கைநாட்டு. பூட்டியின் தகப்பன் சாட்சியாகக் கடைசியில் வருகிறார், அவர் மட்டும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மேசையில் எல்லாம் பரவிக் கிடந்தன. ஒரு கூப்பன் கொப்பி. 1972இல் முதன்முதலாக வந்த அடையாள அட்டைகளில் ஒன்று. ஒரு தோணியின் முன்னால் நாலு பேர் நிற்கிற படம். காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் நண்பன் உம்மாவின் வீட்டு உறுதியின் போட்டோகொப்பி கொண்டு வந்திருந்தான். மூத்தம்மா உம்மாவுக்குக் கொடுத்தது. அவனுடையதிலும் தாய் மகளுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தார் மெடம். "இந்த ரெண்டிலயும் ஆம்பிளையள் எங்க நிக்கிறாங்க?" ஓரத்தில் நின்றார்கள். எனக்கு ஏதோ பெரிய கண்டுபிடிப்புப் போல இருந்தது, "அப்ப எங்கட ஊரில பொம்புளையள்தான் ஆண்டிரிக்காங்க" என்றேன். அவர் என்னை விடவில்லை. வயல் யாருடைய கையில் இருந்தது? வயல்களை ஆண்ட போடியார் யார்? கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார்? வண்ணக்கர் உரிமை தாய்வழிக் குடிப்படி வரும், உட்காருகிறது ஆண். உறுதி வீட்டையும் வளவையும் மட்டும்தான் சொல்கிறது, அது சொல்லாததை அதன் வாயில் போடாதே என்றார். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னார். அந்தச் சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் நண்பன் என் உறுதியை இழுத்து எல்லைகளை உரத்து வாசித்தான். வடக்கு ஒழுங்கை. கிழக்கு என் பூட்டியின் சகோதரியின் வளவு. மேற்கு வாவிக்கரை. தெற்கு, ஆசியா உம்மா பேரிலான தென்னந்தோட்டம். வாசித்துவிட்டு நிறுத்தினான். "இது எங்கட ஆக்கள்ர பெயர்" என்றான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஒரே தெருவின் இரண்டு துண்டு என்றுகூடச் சொல்லலாம். தொண்ணூறில் எனக்கு மூன்று வயது, அவனுக்கும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் அந்த எல்லை எப்போதும் இருந்த எல்லை. அதைத் தாண்டிச் சாமான் வாங்கப் போவோம், இருட்டினால் திரும்பிவிடுவோம். 1931இல் என் பூட்டியின் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு உம்மா தேங்காய் பறிப்பித்துக்கொண்டு இருந்தார் என்பதும், நொத்தாரிசு அதை மற்ற மூன்று எல்லைகளையும் போல ஒரு எல்லையாக எழுதிவிட்டுப் போனார் என்பதும் எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது ரகசியமும் இல்லை. அரிசிமா டின்னுக்குள்தான் இருந்தது.

ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கியது அதுவும் இல்லை. நாவலடியைச் சேர்ந்த ஒரு பிள்ளை, ஒற்றை ரூல் தாள் ஒன்றை மடித்து மேசையில் வைத்திருந்தாள். முறை வந்ததும் மெடம் விரித்தார். வெறும் தாள். கொண்டு வர மறந்ததா என்று கேட்டார். "இல்ல மெடம். எங்கட வீட்டு ஆகப் பழைய தாள் சுனாமிக்குப் பிறகு எடுத்த பிறப்புச் சாட்சிப் பத்திரம். அதைக் கொண்டு வர விருப்பமில்ல" என்றாள். குரலில் அழுகை ஒன்றும் இல்லை, கோபம் இருந்தது. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மெடம் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அலுமாரிக்குள் என்ன இருந்தது? அவள் சொன்னாள்: அம்மாட சீதன உறுதி, அப்பாட மீன்பிடிச் சங்கப் புத்தகம், கலியாண அல்பம், மாமா கட்டாரிலிருந்து போட்ட கடிதங்கள், ரெண்டு. உறுதியில் என்ன இருந்தது? அவள் வாசித்ததில்லை, அம்மா வாசிக்கக் கேட்டிருக்கிறாள், எல்லையில் ஒரு பூவரசு வரும். "எழுதுங்க. யார் கண்டது, எப்ப கண்டது, யார் சொல்லக் கேட்டது, எது நிச்சயம், எது நிச்சயமில்ல. பூவரசை விட்டிராதீங்க." அந்தப் பிள்ளை அங்கேயே இருந்து எழுதினாள். நாலு மணி தாண்டியது. அன்று ஒருவரும் பஸ்ஸுக்கு எழும்பவில்லை.

அந்த ஒப்படையைத் தேடிப் போய்த்தான் நூலகத்தில் எங்கள் பகுதி முக்குவர் சமூகத்தின் வழக்கமான முக்குவர் சட்டத்தைப் பற்றி முதல்முறை வாசித்தேன். முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியில் இறங்கும், ஆணின் முதுசத்துக்கு அவன் பிள்ளைகள் அல்ல, சகோதரியின் பிள்ளைகளே உரித்து. பிரிட்டோ என்பவர் 1876இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் போட்டார். அதே 1876இல் வந்த உரிமைவழிச் சட்டம் அந்த வழக்கத்தை நீதிமன்றத்திலிருந்து மெல்ல வெளியேற்றியது. நீதிமன்றத்தை விட்டுப் போன வழக்கம் ஐம்பத்தைந்து வருடம் கழித்தும் என் பூட்டியின் தாயின் பெருவிரலில் இருந்தது. எங்கள் பகுதியில் இன்றைக்கும் வீடு மகளுக்குத்தான். எங்கள் வளவும் அக்காவுக்குப் போயிற்று, உறுதியும் டின்னோடு அக்கா வீட்டு அலுமாரிக்கு மாறியது. என்னிடம் இருப்பது ஒரு போட்டோகொப்பி. மருமகளுக்கு நான் கொடுக்க வேண்டிய முதுசம் என்று பழைய சட்டப்படி ஏதாவது இருந்தால் அது இந்த ஹிஸ்டரிக் கேள்விக்கான பதில் மட்டும்தான்.

பஸ்டீலில் எத்தனை பேர்?

இவ்வளவும் சொன்ன பிறகு மூலங்கள் பாடத்தையே எடு என்று முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை, ஏனென்றால் பாடசாலைக்கு வந்த முதல் வருடத்தில் நான் பட்ட பாடு அப்படி. எனக்குக் கொடுத்தது தரம் பதினொன்று. ஓ.எல்.லுக்கு (சாதாரண தரத்துக்கு) வரலாறு கட்டாய பாடம், கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கும், ஒன்பதாம் பாடமாக அதை மனதுக்குள் திட்டிக்கொண்டே படிக்கும் பிள்ளையும் இருக்கும். கைத்தொழில் புரட்சி, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, இரண்டு உலகப் போர். எனக்கு ஒரு ஏட்டின் நம்பகத்தன்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசத் தெரியும், பிரெஞ்சுப் புரட்சியில் எது எதற்கு முன் வந்தது என்று தெரியாது. முதலாம் வருடத்தில் ஓடிப் போய் இடம் பிடித்த நண்பர்கள் டியூட்டைத் தூசி தட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வகுப்புக்குப் போனார்கள். நான் இரவு பன்னிரண்டு மணி வரை இருந்து மறுநாளுக்குப் படித்தேன். அறிமுகப் பாடம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்றால் இதற்குத்தான்: பெரிய படத்தின் சட்டம். எது எந்தச் சுவரில் தொங்குகிறது என்று தெரியாதவனுக்கு ஒரு உறுதியைக் கொடுத்து என்ன பயன் என்று அந்த வருடம் முழுக்க நினைத்தேன்.

ஒரு நாள் பஸ்டீல் சிறை தகர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1789 ஜூலை 14, கொடுங்கோலின் சின்னம், மக்கள் வெள்ளம், கைதிகள் விடுதலை. பின் வாங்கில் இருந்த ஒரு பொடியன், "சேர், உள்ளுக்கு எத்தனை பேர் இரிந்த?" என்றான். குழப்படிக்குக் கேட்டானோ உண்மையாகக் கேட்டானோ தெரியாது. ஆயிரம் என்று வாய் வரை வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரவு தேடினேன். ஏழு பேர். நாலு பேர் பத்திரம் மோசடி செய்தவர்கள், இரண்டு பேர் மனநிலை சரியில்லாதவர்கள், மிச்ச ஒருவர் வீட்டார் கேட்டு அடைத்து வைத்த பிரபு வீட்டு மனிதர். மறுநாள் சொன்னேன். வகுப்பே சிரித்தது. பிறகு அதே பொடியன், "அப்ப எதுக்கு சேர் போய் உடைச்ச?" என்றான். வெடிமருந்துக்குத்தான். அன்று காலையில் துப்பாக்கிகள் கிடைத்துவிட்டன, மருந்து பஸ்டீலில் இருந்தது. அந்த நாற்பது நிமிடம் நான் படிப்பித்த நல்ல வகுப்புகளில் ஒன்று. உலக வரலாறு எடுத்திருந்தால் 1789 எனக்கு முன்பே தெரிந்திருக்கும். எத்தனை பேர் என்று ஒருவன் கேட்டபோது அது நல்ல கேள்வி என்று தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். அந்தச் சந்தேகம் எந்தப் பக்கமும் தீரவில்லை.

இதற்குள் உத்தியோகக் கதையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பசி தெரியாதவன் போலப் பேசியதாகும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் எங்களைப் போலக் கலைப்பிரிவு. எனக்கு முன்பே நியமனம் கிடைத்துவிட்டது, பஸ்ஸில் போகும்போது யன்னலால் பார்த்துக்கொண்டு போவேன். அந்தப் பந்தலில் இருந்தவரிடம் போய், முதலாம் வருடத்தில் நீ எந்த அறிமுகப் பாடம் எடுத்தாய் என்று கேட்டால் அடி விழும். முதல் வருடப் புள்ளி இரண்டாம் வருடத்தில் சிறப்புக் கற்கைக்கு வழி விடும், ஆகவே புள்ளி வருகிற பாடத்தை எடு என்று சீனியர்மார் சொல்வதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. அது எங்கள் ஊரில் கஷ்டப்பட்டுத் தேறிய அறிவு.

அப்படியானால் மருமகளுக்கு என்ன சொல்வது? வியாழன் காலை பாடசாலைக்குப் போகும் வழியில் ஓட்டோவில் இருந்தே நினைத்து வைத்தேன். பாடத்தின் பெயரைப் பார்க்காதே, புள்ளி எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார். எல்லாப் புள்ளியும் கடைசிப் பரீட்சைக்கு என்றால் அது ஏ.எல்.லின் நாலாம் வருடம். வாசிப்புப் பட்டியல் கேள், அதில் தமிழில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார். எங்கள் தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் உலக வரலாற்றில் டியூட்டோடு நின்றுவிடுவதற்குச் சோம்பல் பாதிக் காரணம்தான், மிச்சப் பாதி நூலகத்துத் தட்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம் என்பது. உள்ளூர் மூலங்களில் தமிழில் நிறையக் கிடக்கிறது, 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இரவில் ஹொஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். முடிந்தால் இரண்டு விரிவுரையாளரின் வகுப்பிலும் ஒவ்வொரு மணித்தியாலம் போய் உட்கார்ந்து பார், அறிமுகப் பாடத்தில் பாதி ஆள்தான். அப்புறம் யாராவது உன்னிடம் வரலாறு மாறாதது என்று சொன்னால் கா. இந்திரபாலாவைச் சொல். 1965இல் லண்டனில் இலங்கைத் தமிழர் குடியேற்றம் பற்றி ஆய்வேடு கொடுத்தவர், நாற்பது வருடம் கழித்து 2005இல் வந்த நூலில் தன் பழைய முடிவுகளைத் தானே திருத்தினார். இலங்கையில் அந்த விஷயத்தில் கருத்தை மாற்றிக்கொள்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இடைவேளைக்கு மணி அடித்ததும் அவளுக்குக் கோல் எடுத்தேன். புள்ளி, பட்டியல் என்று தொடங்கியவுடனேயே குறுக்கிட்டாள். "மாமா, போம் நேற்றைக்கே குடுத்திட்டன். உலக வரலாறு. கூட்டாளிமார் எல்லாரும் அதுதான் போட்ட." அப்படியானால் இரவு எதற்கு என்னைக் கேட்டாய்? "நீங்களும் அதுதான் சொல்லுவீங்க எண்டு நினைச்சன்." எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் கொஞ்சம் வந்தது. பிறகு பஸ்டீல் கதையைச் சொன்னேன், அது அவளுக்கு உதவும். அதிலிருந்து எப்படியோ நாவலடிப் பிள்ளையின் வெறும் தாளுக்குப் போய், டின்னுக்குள் இருக்கும் உறுதிக்கும் வந்துவிட்டேன். மணி அடித்துவிட்டது. வைக்கும்போது, "மறுகா மாமா, அந்த உறுதி இப்ப எங்க?" என்றாள். உங்கட அம்மாட அலுமாரியிலதான் என்றேன்.

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை, டியூப் லைட் வெளிச்சம், விரித்த உறுதி, மூலைகளுக்குப் பாரமாக நாலு தேத்தண்ணிக் கோப்பை. இரண்டாம் மடிப்பில் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். தெற்கு எல்லைக்கு அடுத்த வரி. "இது என்ன சொல்லு மாமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் எழுத்து மகரமோ, முகரமோ. 2008இல் அந்த ஒப்படையில் அந்த இடத்துக்கு நான் புள்ளி புள்ளியாக நாலு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன். போட்டோகொப்பியில் அது வெறும் கறுப்பு.

"தெரியா" என்று எழுதி அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இன்னொரு படம் வந்தது, இந்த முறை தாளைத் தூக்கி, பின்னால் டோர்ச் பிடித்து எடுத்தது.